திரையிலும் கதையிலும் மனநோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு படம் முடிந்ததும், ஒரு நாவலை மூடியதும் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பார்ப்பவர்கள், எழுதுபவர்கள், பிள்ளை வளர்ப்பவர்கள் என மூன்று தரப்பிலிருந்தும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறோம். எளிதானவை முதலில்.

"சைக்கோ"ன்னா மனநோயாளிதானே?

இல்லை. இந்த ஒரு சொல்லுக்குள் தொடர்பில்லாத இரண்டு விஷயங்கள் சிக்கிக்கொண்டிருக்கின்றன. முதலாவது சைக்கோசிஸ்: நிஜ உலகத்தின் மீதிருக்கும் பிடி தளர்ந்துபோவது. இல்லாத குரல் கேட்கும். எந்தச் சான்றைக் காட்டினாலும் அசையாத தவறான நம்பிக்கை மனதில் ஊறியிருக்கும். பேச்சு கோர்வையற்றுப் போகும். அதை அனுபவிப்பவர் பெரும்பாலும் பயந்துபோயிருப்பார். இரண்டாவது சைக்கோபதி. இவருக்கு உலகம் தெளிவாகவே தெரியும். குற்ற உணர்வும் அடுத்தவர் வலி உறைப்பதும்தான் குறைவு.

மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5இல் சைக்கோபதி தனி நோயாகவே இல்லை. அதற்குப் பக்கத்தில் இருப்பது சமூகவிரோத ஆளுமைக் கோளாறு. அதைச் சொல்ல 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 15 வயதுக்கு முன்பே நடத்தைச் சிக்கல்கள் தொடங்கியிருக்கவும் வேண்டும். சைக்கோபதியை அளக்க ராபர்ட் ஹேர் உருவாக்கிய பட்டியலில் 20 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 40. ஆய்வுகளில் வழக்கமாக 30ஐத் தொட்டால்தான் அந்தப் பெயர். வில்லன் கத்தியைத் தூக்கியதும் நாம் கொடுத்துவிடுகிறோம்.

மன அழுத்தம், டிப்ரஷன் ரெண்டும் ஒண்ணுதானா?

பேச்சுவழக்கில் இரண்டையும் "மன அழுத்தம்" என்றே சொல்லிவிடுகிறோம். வேலைச்சுமை, கடன், தேர்வு ஆகியவற்றால் வருவது அழுத்தம். சுமை இறங்கினால் பெரும்பாலும் அதுவும் இறங்கும். டிப்ரஷனுக்குப் பொருத்தமான சொல் மனச்சோர்வு. அதற்கு ஒன்பது அறிகுறிகள் கொண்ட பட்டியல் இருக்கிறது. அவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம், ஏறக்குறைய தினமும் இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று வாடிய மனநிலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருந்தாக வேண்டும். மற்றவை தூக்கம், பசி, சோர்வு, கவனம், தன்னைப் பற்றிய வெறுப்பு என்று போகும்.

திரையில் மனச்சோர்வு என்றால் மழை, ஜன்னல், கண்ணீர். நிஜத்தில் பலருக்கு அழுகையே வராது. குளிப்பதற்கு எழுந்திருப்பதே பெரும்பாடாக இருக்கும், விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், சோற்றில் ருசி இருக்காது. இதையெல்லாம் படமாக்குவது கடினம். மழையைப் படமாக்குவது சுலபம்.

ஸ்கிசோஃப்ரினியான்னா ஒரே ஆளுக்குள்ள ரெண்டு ஆளு இருக்கிறதா?

இந்தக் குழப்பத்துக்குப் பெயர்தான் காரணம். சுவிஸ் மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் 1908இல் இந்தச் சொல்லை உருவாக்கினார். கிரேக்கத்தில் "பிளவு", "மனம்" என்ற இரு சொற்களின் சேர்க்கை. அவர் சொன்ன பிளவு ஆட்களுக்கு இடையிலானதன்று. சிந்தனை, உணர்ச்சி, செயல் ஆகியவை ஒன்றோடொன்று இசையாமல் சிதறுவதை. அந்த வகையில் தமிழில் வழங்கும் "மனச்சிதைவு" மூலச் சொல்லைவிட நல்ல சொல். இதே சங்கடத்தால் ஜப்பான் 2002இல் நோயின் பெயரையே மாற்றிக்கொண்டது.

உலகில் ஏறத்தாழ முந்நூறு பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டிஎஸ்எம்-5 கணக்கில் பாதிப்பின் தடயங்கள் குறைந்தது ஆறு மாதம் இருந்தால்தான் இந்தப் பெயர். ஒரே இரவில் "பைத்தியம் பிடித்துவிடும்" காட்சி இதற்குப் பொருந்தாது. பல மாதங்கள் முன்பே நண்பர்களை விட்டு விலகுவது, படிப்பில் சரிவது, குளிக்காமல் இருப்பது என்று சத்தமில்லாமல் தொடங்கும்.

அப்போ இரட்டை ஆளுமைங்கறது சுத்தக் கற்பனையா?

கற்பனை இல்லை, பெயர் வேறு. 1994இலிருந்து டிஎஸ்எம் கையேட்டில் அது "விலகல் அடையாளக் கோளாறு" என்ற பொருள்படும் பெயரில் இருக்கிறது. பெரும்பாலும் சிறுவயதில் தொடர்ந்து நடந்த கொடுமையோடு சேர்த்துப் பேசப்படுவது. அது எப்படி உருவாகிறது என்பதில் நிபுணர்களிடையே இன்றும் கடும் விவாதம் உண்டு.

படங்களில் குரல், நடை, உடை, தலைமுடி எல்லாம் நொடியில் மாறும். நிஜத்தில் மாற்றம் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாத அளவு நுட்பமானது. நேரம் காணாமல் போவதுதான் அவரைத் தொந்தரவு செய்யும்: எப்போது வாங்கினோம் என்று தெரியாத பொருள், பேசியதே நினைவில்லாத உரையாடல். நல்லவன், கெட்டவன் என்று இரண்டாகப் பிளக்கும் அச்சு 1886இல் வந்த ஸ்டீவன்சனின் ஜெகில், ஹைட் கதையில் நிலைபெற்றது. அதில் ஜெகில் குடிப்பது ஒரு ரசாயனக் கலவை. அந்தக் கதை பேசியது ஒழுக்கத்தை, மருத்துவத்தை இல்லை.

இல்லாத ஆள் படத்துல வர்ற மாதிரி முழு உருவமா, பக்கத்துல உட்கார்ந்து பேசுமா?

மனச்சிதைவில் மிக அதிகம் வருவது குரல்கள்தான். தோற்றங்கள் வரலாம், ஆனால் குறைவு. அதிலும் வருடக்கணக்கில் கூடவே வரும் நண்பன் என்பது மிக அபூர்வம். குரலைப் படம்பிடிக்க முடியாது என்பதால் சினிமா அதற்கு ஆள் கொடுக்கிறது.

கணித மேதை ஜான் நாஷின் வாழ்க்கையைத் தழுவி 2001இல் வந்த 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. படத்தில் வரும் அறைத்தோழன் திரைக்கதையின் படைப்பு. நிஜ நாஷ் கேட்டது குரல்களை. இன்னொரு மாற்றமும் உண்டு. படத்தில் அவர் புதிய மருந்துகள் எடுத்துக்கொள்வதாகச் சொல்வார். நிஜத்தில் 1970க்குப் பிறகு அவர் மருந்து எடுக்கவில்லை. முதல் மாற்றம் கலைக்காக. இரண்டாவது, பார்ப்பவர்கள் மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்ற கவலை என்று எடுத்துக்கொண்டால் மன்னிக்கத்தக்கது. அவரைப் போல மருந்தில்லாமல் மீண்டவர்கள் குறைவு.

தலையில அடிபட்டு எல்லாம் மறந்து, மறுபடி அடிபட்டதும் ஞாபகம் வருமா?

வராது. இரண்டாவது அடி இன்னொரு காயம், அவ்வளவுதான்.

மறதியின் திசையையும் கதைகள் தலைகீழாக்கிவிடுகின்றன. தன் பெயரே மறந்துபோய் மற்றபடி தெளிவாக இருப்பது மூளைக் காயத்தில் மிக அரிது. வழக்கமாக நடப்பது வேறு: பழையது இருக்கும், புதியது ஒட்டாது. வலிப்புக்காக 1953இல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசன் 2008இல் இறக்கும்வரை புதிதாகச் சந்தித்த எவரையும் நினைவில் வைக்க முடியாமல் வாழ்ந்தார். ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் கை தேறியது. முன்பு வரைந்த நினைவு மட்டும் இல்லை. இந்த வகை மறதியை ஒழுங்காகக் காட்டிய படம் என்று 2000இல் வந்த 'மெமென்டோ'வைச் சொல்வது வழக்கம். தகுதியான பாராட்டுதான்.

ஷாக் ட்ரீட்மென்ட் இன்னும் இருக்கா? அது தண்டனை மாதிரி இல்லையா?

இருக்கிறது. 1938இல் ரோம் நகரில் செர்லெட்டியும் பினியும் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் மயக்க மருந்து கிடையாது. உடல் துள்ளி எலும்பு முறிந்ததும் உண்டு. தண்டனையாகவும் சில இடங்களில் பயன்பட்டிருக்கிறது. 1975இல் வந்த 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' காட்டியது அந்தப் பழைய முகத்தை. அந்தக் காட்சி அப்படியே மக்கள் மனதில் உறைந்துவிட்டது.

இன்றைய முறையில் மயக்க மருந்து, தசைத் தளர்வு மருந்து இரண்டும் கொடுப்பார்கள். மின்சாரம் சில நொடிகள். அதனால் மூளையில் உண்டாகும் வலிப்பு ஒரு நிமிடத்துக்கு முன்பின். வெளியே பார்த்தால் கால்விரல் துடிப்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரியாது. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை என 6 முதல் 12 முறை. கடும் மனச்சோர்வில், சாப்பாடே நிறுத்திவிட்டவர்களிடம், உயிர் காக்கும் சிகிச்சை. சிகிச்சையை ஒட்டிய வாரங்களின் நினைவு விட்டுப்போவது இதன் உண்மையான பின்விளைவு. சிலருக்குச் சில நினைவுகள் திரும்புவதே இல்லை. மூளையின் நரம்பை வெட்டும் லோபாட்டமி வேறு. அதற்கு 1949இல் நோபல் பரிசு கொடுத்ததை நினைத்தால் இன்று கூச்சமாக இருக்கிறது.

மாத்திரை போட்டா எத்தனை நாள்ல சரியாகும்?

மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம். பக்கவிளைவுகள் மட்டும் முதல் வாரமே வந்துவிடும். பாதியில் நிறுத்துபவர்கள் பலர் நிறுத்துவது இந்த இடைவெளியில்தான். கதையில் மாத்திரையை விழுங்கிய மறுநாள் நாயகி சிரித்தால் நம்பாதீர்கள். "மாத்திரையைத் தூக்கி எறிந்தாள், விடுதலை பெற்றாள்" என்ற காட்சி அதைவிட மோசம். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், நோய் திரும்புவது எல்லாம் வரும்.

ஒவ்வொரு படத்துலயும் சின்ன வயசுல நடந்த ஒரு சம்பவம்தான் காரணம்னு ஃப்ளாஷ்பேக் வருதே, நிஜமாவே அப்படியா?

ஒரு சம்பவம், ஒரு நோய் என்ற நேர்க்கோடு கதைக்கு வசதி. முதல் பாதியில் புதிர், இடைவேளைக்குப் பிறகு விடை. மனித வளர்ச்சி அப்படி நகர்வதில்லை. 1998இல் வெளியான சிறுவயதுத் துன்ப அனுபவங்கள் பற்றிய அமெரிக்க ஆய்வு காட்டியது எண்ணிக்கையின் கனத்தை. அடி, வசவு, வீட்டில் குடி, தாய் அடிவாங்குவதைப் பார்ப்பது போன்ற வகைகளில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதுவுமே அனுபவிக்காதவர்களைவிட மனச்சோர்வு, குடிநோய், போதைப் பழக்கம், தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு. அபாயம் என்பது விதி இல்லை. அவர்களிலும் பலர் நோயில்லாமல் வாழ்கிறார்கள்.

மரபும் இதே மாதிரிதான். ஒரே மரபணுக்கள் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால், மற்றவருக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிதான். மிச்சத்தை வாழ்க்கை தீர்மானிக்கிறது.

எழுதுபவர்களுக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. பெரும்பாலோரின் முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதை ஒட்டியது. அதுவும் துண்டு துண்டானது. இரண்டு வயதில் நடந்ததை நாயகன் வசனத்தோடு, கேமரா கோணத்தோடு நினைவுகூர்ந்தால் அது நினைவு இல்லை.

பாதி கதைகள்ல அம்மாதான் வில்லி. வளர்ப்புச் சரியில்லன்னா பிள்ளைக்கு மனநோய் வருமா?

இதற்கு ஒரு வருந்தத்தக்க வரலாறு உண்டு. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன், மனச்சிதைவை "உண்டாக்கும் தாய்" என்று எழுதினார். ஆட்டிசத்துக்குக் காரணம் "குளிர்பெட்டித் தாய்மார்" என்று புருனோ பெட்டல்ஹைம் பரப்பினார். இரண்டுமே நிற்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றுவிட்டார்கள். கதைகளோ இன்னும் அந்தக் கூண்டிலிருந்து அவர்களை இறக்கவில்லை.

வளர்ப்பு முக்கியமில்லை என்று இதற்குப் பொருளில்லை. ஜான் பௌல்பியும் மேரி எய்ன்ஸ்வொர்த்தும் காட்டிய பற்றுறவு, அதாவது குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பு, உண்மையானது. எய்ன்ஸ்வொர்த்தின் சோதனையில் 12 முதல் 18 மாதக் குழந்தை, தாய், ஓர் அந்நியர். எட்டுக் கட்டங்கள், பெரும்பாலானவை மூன்று நிமிடம். தாய் போகும்போது அழுகிறதா என்பதைவிட, தாய் திரும்பியதும் குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் கவனிக்கப்படும். ஓடிவந்து ஒட்டி, ஆறுதலடைந்து, மறுபடி விளையாடப் போனால் பாதுகாப்பான பற்று. தாய் திரும்பியதைக் கண்டுகொள்ளாமல் பொம்மையோடு இருப்பது "சமத்து" போலத் தெரியும். அது விலகல் வகைப் பற்றின் அடையாளம். நல்ல இயக்குநர் கையில் இந்த மூன்று நிமிடம் ஒரு முழு ஃப்ளாஷ்பேக்குக்குச் சமம்.

என் குழந்தை இல்லாத ஃப்ரெண்டோட பேசுது. பேய்ப் படம் பார்த்ததிலிருந்து பயமா இருக்கு.

பயம் வேண்டாம். பள்ளிக்கு முந்தைய வயதிலும் ஆரம்பப் பள்ளி வயதிலும் கற்பனைத் தோழர்கள் மிகச் சாதாரணம். "அவன் நிஜமா?" என்று மெதுவாகக் கேட்டால் பெரும்பாலான குழந்தைகள் "சும்மா விளையாட்டு" என்று சொல்லிவிடும், சில நம்மைப் பார்த்துச் சிரிக்கும். முன்பு சொன்ன பிரமையிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான்: இங்கே லகான் குழந்தையின் கையில் இருக்கிறது. குரல் கட்டளையிடுகிறது, குழந்தை நடுங்குகிறது, தூங்க மறுக்கிறது, கற்ற பேச்சோ பழக்கமோ பின்னோக்கிப் போகிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆட்டிசம் இருந்தா அபார மூளை இருக்குமா?

சிலருக்கு, சிறு பகுதியினருக்கு, ஒரு துறையில் அசாதாரணத் திறன் இருக்கும். எல்லோருக்கும் என்ற எண்ணம் 1988இல் வந்த 'ரெயின் மேன்' படத்தோடு பரவியது. அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக் ஆட்டிசம் உள்ளவர் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. ஆட்டிசமே மனநோய் இல்லை; நரம்பு வளர்ச்சியின் வேறுபாடு.

ஹிப்னாடிசம் பண்ணி புதைஞ்ச நினைவை வெளியே எடுக்க முடியுமா?

நினைவு என்பது பூட்டிய பெட்டி என்று எண்ணினால் இந்தக் காட்சி நம்பும்படி இருக்கும். நினைவோ ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது. 1995இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 24 பேரிடம், சிறுவயதில் நீங்கள் கடைவளாகத்தில் தொலைந்துபோனீர்கள் என்று, நடக்காத ஒன்றை உறவினர் சொன்னதாகச் சொன்னார்கள். ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அதை ஓரளவோ முழுதாகவோ "நினைவுகூர்ந்தார்". ஹிப்னாடிசம் நினைவின் அளவைவிட, அதன் மீதான உறுதியையே அதிகம் கூட்டுகிறது. பொய் நினைவும் அழுகையோடு வரும். கண்ணீரைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

மனநோயாளிகள் ஆபத்தானவங்கதானே?

பெரும்பான்மையினர் இல்லை. அவர்கள் வன்முறை செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதே அதிகம். சிகிச்சை இல்லாத சைக்கோசிஸும் போதையும் சேரும்போது அபாயம் கூடுவது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. சிக்கல் விகிதத்தில்தான் இருக்கிறது. திரையில் வரும் மனநோயாளிகளில் எத்தனை பேர் கொலை செய்யாமல் கதையை முடிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முதல் கேள்வியில் சொன்ன சொற்குழப்பமும் இதில் பெரும்பங்கு வகிக்கிறது.

ஹாம்லெட்டுக்கு ஈடிபஸ் காம்ப்ளெக்ஸ்னு சொல்றாங்க. கதாபாத்திரத்துக்கு நோய்ப்பெயர் கொடுக்கலாமா?

ஃப்ராய்டே தொடங்கிவைத்தது இது. கனவுகள் பற்றிய நூலில் (1899 நவம்பரில் வெளிவந்தது, அட்டையில் 1900 என்று அச்சிட்டிருந்தார்கள்) ஷேக்ஸ்பியர் நாடக நாயகன் ஹாம்லெட், தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கத் தயங்குவதை அப்படி விளக்கினார். தாய் மீதான ஆசையும் தந்தை மீதான பொறாமையும் அடிமனதில் ஒளிந்திருப்பதுதான் ஈடிபஸ் காம்ப்ளெக்ஸ். எர்னஸ்ட் ஜோன்ஸ் அதைப் பெரிதாக விரித்தார். வாசிக்கச் சுவையானது, ஆனால் ஒரு கோளாறு: நோயாளியிடம் அடுத்த கேள்வி கேட்கலாம், பாத்திரத்திடம் கேட்க முடியாது. எழுதிய வரிகளைத் தாண்டி ஹாம்லெட்டுக்கு ஒரு குழந்தைப்பருவம் இல்லை.

நோய்ப்பெயரைவிட, அந்தப் பெயர் எதை விளக்காமல் விடுகிறது என்று பார்ப்பது பயன் தரும். ஷார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892இல் வெளியிட்ட 'மஞ்சள் சுவர்த்தாள்' கதையின் நாயகிக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய சைக்கோசிஸ் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படிச் செய்தால் கதையின் பாதி போய்விடும்: எழுதாதே, வேலை செய்யாதே, படுத்திரு என்ற "ஓய்வுச் சிகிச்சை"தான் அவளை அங்கே தள்ளியது. கில்மனே அந்தச் சிகிச்சைக்கு உட்பட்டவர்.

கதையில தற்கொலை வந்தா பார்க்கிறவங்களும் செய்வாங்கன்னு சொல்றது மிகையா?

மிகை இல்லை. 1774இல் வந்த கதேயின் வெர்தர் நாவலின் பெயரால் இதை "வெர்தர் விளைவு" என்று 1974இல் டேவிட் ஃபிலிப்ஸ் அழைத்தார்; செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் தற்கொலைச் செய்தி வந்த பிறகு எண்ணிக்கை உயர்வதைக் காட்டினார். மறுபக்கமும் உண்டு. மொட்ஸார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' இசைநாடகத்தில் பாபகேனோ சாக முனையும்போது மூன்று சிறுவர்கள் வேறு வழியை நினைவூட்டுவார்கள். நெருக்கடியைத் தாண்டியவர்களைக் காட்டும் செய்திகள் பாதுகாக்கின்றன என்று 2010இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வு சொன்னது; அதற்குப் பெயர் "பாபகேனோ விளைவு".

திரைக்கலைஞர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் தனிக் கையேடே வெளியிட்டது. நடைமுறையில் கவனிக்க வேண்டியவை: செய்யும் முறையைக் காட்டாதீர்கள், ஒரே காரணம் கற்பிக்காதீர்கள், சாவைப் பழிவாங்கலாகவோ விடுதலையாகவோ ஆக்காதீர்கள், உதவி கேட்டுக் கிடைத்த ஒரு பாத்திரமாவது கதையில் இருக்கட்டும். முறையைக் காட்டாமல் விட்டதால் கெட்டுப்போன நல்ல படம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"கதை சொன்னவனே நோயாளி"ன்னு கடைசியில ட்விஸ்ட் வச்சு எழுதுறேன். எங்க சொதப்பும்?

1920இல் வந்த ஜெர்மன் மௌனப்படம் 'டாக்டர் கலிகாரியின் அறை' முடிவில் இதைச் செய்துவிட்டது. நூறு வருடப் பழைய திருப்பம் என்பதால் புதுமையை நம்பி இறங்க வேண்டாம். சொதப்பும் இடம் பெரும்பாலும் ஒன்றே: நாயகன் இல்லாத அறையில், அவன் அறியாத ஒன்றை நாம் பார்த்துவிடுவோம். அவன் மனம்தான் கேமரா என்றால், அவன் இல்லாத காட்சி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இரண்டாம் வாசிப்பில் இதை மட்டும் தனியாகச் சரிபாருங்கள்.

இன்னொன்று, ஒரே நோய்க்குள் எல்லாவற்றையும் திணிப்பது. குரலும் கேட்கும், ஆளும் மாறும், நினைவும் போகும் என்றால் மேலே உள்ள மூன்று தனித்தனிப் பதில்களையும் ஒரே ஆளின் தலையில் ஏற்றுகிறீர்கள். ஒன்றை எடுங்கள். தூக்கம், சாப்பாடு, பணம், வேலை நான்கிலும் அது என்ன செய்கிறது என்று வாரவாரியாகக் குறித்துவையுங்கள். அவன் எதை மறைக்கிறான், யாரிடம் மறைக்கிறான் என்பதையும். திருப்பம் தெரிந்த பிறகும் கதையைத் தாங்குவது அந்தக் குறிப்புகள்தான்.

படத்துல வர்ற பாத்திரத்தைப் பார்த்தா அப்படியே நான்தான். எனக்கும் அந்த நோய் இருக்குமோ?

நல்ல நடிகர் அப்படி உணரவைப்பார். அது அவர் வேலை. அறிகுறி ஒத்துப்போவதால் மட்டும் நோய் ஆகாது. எவ்வளவு நாளாக, எவ்வளவு அடிக்கடி, அன்றாட வாழ்க்கை எதில் தடைபடுகிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். தூக்க நேரத்தையும் இரண்டு வாரத்துக்குக் குறித்துவையுங்கள். படத்தின் பெயரைச் சொல்வதைவிட, மனநல மருத்துவரிடம் அந்தத் தாளைக் கொடுத்தால் முதல் சந்திப்பிலேயே பேச வேண்டியது பேசப்படும். மருந்து எழுதுவது மனநல மருத்துவர். உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருபவர். யாரிடம் முதலில் போனாலும், தேவைப்பட்டால் மற்றவரிடம் அனுப்புவார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தாளில் இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.